அம்மாவின் கைப்பையும் என் கைப்பேசியும்

போன வருடம் ஒரு புதன்கிழமை இரவு, மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பின்மண்டை சுவரில் மோதிக் கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. சீரற்ற இதயத் துடிப்பு இருப்பதால் ஆறு வருடமாக வார்ஃபரின் சாப்பிடுகிறார். ரத்தம் உள்ளே கட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே தெரியும் காயம் பெரிய விஷயமில்லை. உள்ளே கசிகிறதா என்பதுதான் கேள்வி.

ஸ்கூடாயிலிருந்து காரை விரட்டிக்கொண்டு ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தோம். பணியில் இருந்தவர் நம் பெண், இளம் டாக்டர். அப்பாவின் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அங்கிள் என்ன பிளட் தின்னர் சாப்பிடுறாரு? எத்தனை மில்லிகிராம்? கடைசியா எடுத்த ஐஎன்ஆர் எவ்வளவு?"

எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. அப்பாவின் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் ஸ்கேன் செய்து, தேதி போட்டு, "அப்பா மருத்துவம்" என்று ஒரு கோப்புறையில் வைத்திருக்கிறேன். அது கிளவுட்டில் பத்திரமாக இருக்கிறது. கைப்பேசியை எடுத்துத் திறந்தேன். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. தேவையானதைத் தொட்டேன். சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்தக் கட்டடத்தின் உட்பகுதியில் சிக்னல் இல்லை. வைஃபை இருந்தது, அதில் நுழைய எஸ்எம்எஸ்ஸில் வரும் டிஏசி எண் வேண்டும், எஸ்எம்எஸ் வர சிக்னல் வேண்டும். நான் வாசலுக்கு ஓடலாமா என்று யோசித்த நேரத்தில், அம்மா தன் கைப்பையைத் திறந்தார். தைலப் புட்டி, விபூதிப் பொட்டலம், சில்லறைப் பர்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அப்பாவின் வார்ஃபரின் பதிவுப் புத்தகம்.

"இந்தாங்க டாக்டர், போன வாரம் எடுத்தது இதிலேயே எழுதியிருக்கு."

3.4. இருக்க வேண்டியது 2க்கும் 3க்கும் இடையில். டாக்டர் உடனே தலை ஸ்கேனுக்கு எழுதினார். நல்லவேளை, உள்ளே கசிவு இல்லை. நான்கு தையல், ஒரு இரவு கண்காணிப்பு, வெள்ளிக்கிழமை காலை வீட்டில் தோசை கேட்டார்.

இதில் எனக்கு இருந்த அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். நான் சாதாரணமாகக் கைப்பேசி பயன்படுத்துகிற ஆள் இல்லை. தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறேன். அங்கே கணினிக் கட்டமைப்பைப் பராமரிப்பதுதான் என் தொழில். எந்தக் கோப்பு ஊழியர்களின் மடிக்கணினியில் இருக்க வேண்டும், எது கிளவுட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற விதியை அங்கே எழுதியவனே நான்தான். "முப்பது நாள் திறக்காத கோப்பா? கணினியிலிருந்து எடுத்துவிடு, பெயரை மட்டும் விட்டுவை." சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு மாதமாகத் தொடாத கோப்பு எதற்கு என்று நான் திருப்பிக் கேட்டேன். கேட்டவனுக்குத்தான் அந்த இரவு பதில் கிடைத்தது.

பெயர் இருக்கும், பொருள் இருக்காது

அன்று கைப்பேசியில் நான் பார்த்தது கோப்பு அல்ல, கோப்பின் பெயர்ப்பலகை. இப்போது வரும் பெரும்பாலான கிளவுட் சேவைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. உங்களுக்குச் சொந்தமான ஐந்நூறு ஜிபி கோப்புகளும் உங்கள் கருவியில் இருப்பது போலத் தெரியும். உண்மையில் அதில் ஒரு பகுதிதான் கையில் இருக்கும். மற்றவை எங்கோ ஒரு தரவு மையத்தில். தொட்டால் இறங்கி வரும், இணையம் இருந்தால்.

நம் அடுப்படியில் இது புதிதல்ல. அஞ்சறைப் பெட்டியில் கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், மிளகு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மூட்டையும் பெரிய டப்பாவும் ஸ்டோர் ரூமில். பெட்டி சின்னது, அதில் எதை வைப்பது என்று ஒரு கணக்கு வேண்டும். தினமும் தாளிக்கிறவர் யோசிக்காமலே போடும் கணக்கைக் கணினிக்கு யாராவது எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கணினி போடும் கணக்கு எளிமையானது. அண்மையில் தொட்டதை வைத்துக்கொள், நீண்ட நாள் தொடாததை வெளியே தள்ளு. 1966இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த லாஸ்லோ பெலாடி, இதற்கு ஆகச் சிறந்த விதி எது என்று காட்டினார். இனிமேல் எது மிகத் தாமதமாகத் தேவைப்படுமோ, அதைத்தான் முதலில் வெளியேற்ற வேண்டும். சரிதான்; ஆனால் அதற்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும். அது முடியாததால் எல்லாக் கணினியும் கடந்த காலத்தைப் பார்த்து எதிர்காலத்தை ஊகிக்கிறது. நேற்றுத் திறந்ததை இன்றும் திறப்பாய் என்று நம்புகிறது.

பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தேவைப்பட்டு, அந்த ஒருமுறை இல்லாவிட்டால் ஆபத்து என்கிற கோப்புகள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றி அந்த விதிக்கு எதுவும் தெரியாது. என் கைப்பேசியில் அன்று இரவு, அக்கா மகளின் பிறந்தநாள் வீடியோ மூன்று முழுதாக இருந்தன. யாரோ அனுப்பிய காலை வணக்கப் படங்கள் இருந்தன. ஏழு மாதமாக நான் திறக்காத அப்பாவின் மருந்துப் பட்டியல் இல்லை. விதி பிசகவில்லை. சொன்னதைத்தான் செய்தது.

"பதுக்கல்" என்று பெயர் வைத்தவர்கள்

இந்தச் சிக்கலை நாற்பது வருடங்களுக்கு முன்பே உட்கார்ந்து யோசித்தவர்களில் ஒருவர், சென்னை ஐஐடியில் படித்தவர். மகாதேவ் சத்யநாராயணன். 1975இல் அங்கே இளநிலைப் பட்டமும் 1977இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1983இல் அங்கே முனைவர் பட்டம்.

அப்போது அந்தப் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து, வளாகம் முழுவதற்கும் ஒரே கோப்பு அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தன. ஆண்ட்ரூ கோப்பு அமைப்பு என்று பெயர். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் உங்கள் கோப்புகள் வரும். ஒரு கோப்பைத் திறந்தால் அதன் முழுப் பிரதியும் உங்கள் கணினியின் வட்டுக்கு இறங்கிவிடும். மறுமுறை வட்டிலிருந்தே திறக்கும். வேறு யாராவது அதை மாற்றினால் "உன்னிடம் இருப்பது பழையதாகிவிட்டது" என்று சர்வர் தகவல் சொல்லும். இன்றைய கிளவுட் டிரைவ்களில் பாதி அங்கேயே இருக்கிறது. சத்யநாராயணனும் உடன் உழைத்தவர்களும் அதற்காக ஏசிஎம் அமைப்பின் 2016ஆம் ஆண்டு மென்பொருள் விருதைப் பெற்றார்கள்.

அதில் ஒரு குறை இருந்தது. சர்வரோ வழியோ செத்துப்போனால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். 1987இல் சத்யநாராயணன் தலைமையில் கோடா என்ற அடுத்த அமைப்பு தொடங்கியது. இணைப்பு அறுந்தபோதும் வேலை நடக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அவரும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் கிஸ்ட்லரும் 1991இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெயர்பெற்றது. இணைப்பு இருக்கும்போதே, இல்லாத நேரத்துக்காகச் சேர்த்து வைப்பதை அவர்கள் "ஹோர்டிங்" என்றார்கள். தமிழில் பதுக்கல். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பேரங்காடிகளில் அரிசி மூட்டையையும் டிஷ்யூவையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைத் திட்டினோமே, அதே சொல்தான். இங்கே மட்டும் நல்ல பொருளில்.

எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த சமரசம். கணினியின் ஊகத்தை மட்டும் நம்பவில்லை. முழுக்க மனிதர் தலையிலும் கட்டவில்லை. அண்மையில் தொட்டது எது என்பதைக் கணினி தானே பார்த்துக்கொள்ளும். அதோடு பயனர் ஒரு பட்டியல் எழுதித் தரலாம்: இந்தக் கோப்புறை, இதற்கு இத்தனை முன்னுரிமை. இரண்டையும் கூட்டி, எது வட்டில் தங்கும் என்று முடிவாகும். பட்டியலில் ஒரு கோப்புறைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டால், இப்போது அதில் இருப்பது மட்டுமல்ல, இனி அதில் வந்து சேரப்போவதும் தானாகச் சேமிக்கப்படும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அமைப்பு தன் சேமிப்பைச் சுற்றிப் பார்த்து, விட்டுப்போனதைக் கொண்டு வந்து வைக்கும். ஊருக்குக் கிளம்பும் முன் நாமே "ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடு" என்று சொல்லவும் வழி உண்டு. கேஸ் அடுப்பை மூடினோமா என்று வாசலிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பது போல.

இன்னொன்றையும் கவனித்திருந்தார்கள். ஒரு கோப்பு கையில் இருந்தால் போதாது. அதற்குப் போகும் வழியில் உள்ள கோப்புறைகளும் கையில் இருக்க வேண்டும். அலமாரிச் சாவி ஊரில் இருந்தால் அலமாரி வீட்டில் இருந்து என்ன பயன்? இதற்குப் பிறகு வருகிறேன், என்னைக் கடித்தது அதுவும்தான்.

கோடாவின் கருத்துகள் பின்னாளில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000இலும், இணையம் இல்லாதபோதும் பழைய மின்னஞ்சலைக் காட்டும் அவுட்லுக் 2003இலும் இடம்பிடித்தன. 1997இல் ஜெஃப்ரி குவெனிங், ஜெரால்ட் போபெக் என்ற இருவர், பயனர் பட்டியலே எழுதத் தேவையில்லை, எந்தெந்தக் கோப்புகள் அடுத்தடுத்துத் திறக்கப்படுகின்றன என்று பார்த்தே கணினி குழுக்களைக் கண்டுபிடித்துவிடும் என்று ஒரு முறையைச் செய்து காட்டினார்கள். அலுவலக வேலைக்கு அது அருமையான யோசனை. ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை திறக்கப்போகும் கோப்புக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. அதை எந்தக் கணினியும் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாலத்தின் நடுவில்

ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு இணைப்பு அறுவதைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். கூலாய், செடெனாக், நுசாஜெயா பக்கம் போனால் ஜன்னலில்லாத பெரிய பெரிய தரவு மையக் கட்டடங்கள். செம்பனை நின்ற இடத்தில் சர்வர்கள் நிற்கின்றன. கிளவுட் என்கிறோமே, அது வானத்தில் இல்லை. அதில் ஒரு பகுதி நெடுஞ்சாலை ஓரத்தில், நம் தாத்தாக்கள் வேலை செய்த தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றல்ல.

தினமும் அக்கரைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1924இல் திறந்த ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்தான். அந்த ஒரு கிலோமீட்டரில் கைப்பேசி மலேசிய நெட்வொர்க்கை விட்டு சிங்கப்பூர் நெட்வொர்க்கைத் தேடும். 170ஆம் எண் பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கும்போது பார்த்தால், பத்துப் பேர் ஒரே நேரத்தில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை குடிநுழைவுக் கூடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கூரையின் கீழ் நிற்கும்போது, சிக்னல் கோடுகள் நிறைய இருக்கும், தரவு மட்டும் நகராது.

ஒருமுறை காலை எட்டரை மணிக் கூட்டத்துக்கான காட்சித்தொகுப்பைப் பஸ்ஸில் கடைசியாகப் பார்த்துக்கொண்டு போனேன். அந்தக் கோப்பை முதல் நாளே மடிக்கணினியில் நிரந்தரமாக வைக்கச் சொல்லியிருந்தேன். திறந்தது. உள்ளே இருந்த வரைபடங்கள் மட்டும் பழைய எண்களையே காட்டின. அவை வேறொரு விரிதாளிலிருந்து எண்களை எடுப்பவை. அந்த விரிதாள் கிளவுட்டில் இருந்தது. அலமாரி வந்துவிட்டது, சாவி வரவில்லை.

இப்போது என் வீட்டு விதி

அப்பா வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்தேன். முதலில் "கையில்" என்று ஒரு கோப்புறை. அதற்குள் எது போகலாம் என்பதற்கு, எவ்வளவு அடிக்கடி திறக்கிறேன் என்று பார்க்கவில்லை. இணையமே இல்லாத இடத்தில், யாரோ அவசரமாகக் கேட்டால், இது இல்லாமல் என்ன நஷ்டம் என்று பார்த்தேன். அப்பாவின் மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விவரம், கடைசி இரண்டு ரிப்போர்ட். எல்லாருடைய அடையாள அட்டை, கடப்பிதழ் முதல் பக்கம், என் வேலை அனுமதிச் சீட்டு. காப்புறுதி அட்டை. கார் ரோடு டேக்ஸ். பத்து தொலைபேசி எண்கள் எழுதிய ஒரு பக்கம். அவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து நாற்பது எம்பி கூட வரவில்லை. ஒரு பிறந்தநாள் வீடியோவின் கால்வாசி.

விண்டோஸ் மடிக்கணினியில் ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்கள், கோப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறிகளைக் கவனியுங்கள். நீல மேகம் இருந்தால் பெயர் மட்டும்தான். வெள்ளை வட்டத்தில் பச்சைச் சரிக்குறி இருந்தால், இப்போது கையில் இருக்கிறது, ஆனால் பிறகு எடுத்துவிடப்படலாம். பச்சையாக நிரம்பிய வட்டத்தில் வெள்ளைச் சரிக்குறி இருந்தால் மட்டுமே நிரந்தரம். நடுவில் உள்ளதுதான் ஆளை ஏமாற்றுவது. கோப்புறையை வலது சொடுக்கி "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த நிரம்பிய பச்சை வரும். கோப்புறைக்கே இதைச் செய்தால், பிறகு அதில் சேர்ப்பதும் தானாக இறங்கும். கோடாவின் கூட்டல் குறி வேறு உடுப்பில். பக்கத்திலேயே இருக்கும் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கணினியில் உள்ள பிரதியை மட்டும் எடுக்கும். "டிலீட்" அப்படியல்ல, கிளவுட்டிலும் போய்விடும். இடம் பிடிக்கிறதே என்று டிலீட் அழுத்திவிட்டுக் கல்யாண ஆல்பத்தைத் தேடியவரை எனக்குத் தெரியும்.

செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் "ஸ்டோரேஜ் சென்ஸ்" என்று ஒன்று இருக்கிறது. திறக்காத கிளவுட் கோப்புகளை எத்தனை நாள் கழித்துக் கணினியிலிருந்து நீக்கலாம் என்று அதுதான் கேட்கும்: 1, 14, 30, 60 நாள், அல்லது எப்போதும் வேண்டாம். நிரம்பிய பச்சை போட்டதை அது தொடாது. அலுவலகக் கணினியாக இருந்தால், என்னைப் போல ஒருவர் ஏற்கெனவே அதில் ஒரு எண் போட்டிருப்பார். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கூகள் டிரைவைக் கணினியில் போட்டால் இரண்டு வழி உண்டு. "மிரர்" என்றால் எல்லாமே கணினியிலும் இருக்கும், இடமும் அதற்கேற்பப் போகும். "ஸ்ட்ரீம்" என்றால் பெயர்ப்பலகைதான். வேண்டிய கோப்புறைக்கு மட்டும் இணையம் இல்லாமலும் கிடைக்கும்படி குறி போட வேண்டும். ஆப்பிள்காரர்களுக்கு மேக் செகோயா, ஐஓஎஸ் 18 பதிப்புகளிலிருந்து "கீப் டவுன்லோடட்" என்ற தேர்வு வந்திருக்கிறது. அதற்கு முன், இடம் குறைந்தால் எதை எடுப்பது என்பது ஆப்பிளின் இஷ்டம்.

மடிக்கணினியில் செய்த குறி கைப்பேசிக்குப் போகாது என்பதைப் பலர் அறியார். கைப்பேசிச் செயலியில் தனியாக "மேக் அவைலபிள் ஆஃப்லைன்" போட வேண்டும். அவசரத்தில் நம்மிடம் இருப்பது அதுதானே. படங்களும் அப்படியே. ஐபோனில் "ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்" போட்டிருந்தால், இடம் குறையும்போது தெளிவான மூலப்படம் ஐகிளவுட்டுக்குப் போய், சின்னப் படம் மட்டும் மிஞ்சும். பரிசோதனை ரிப்போர்ட்டைப் படமாக எடுத்து வைத்துக்கொண்டு தைரியமாக இருக்கிறவர்கள், பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து தெரிகிறதா என்று இணையத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். என் "கையில்" கோப்புறையில் இருந்த காப்புறுதி ஆவணம் கடவுச்சொல் கேட்கும் பிடிஎஃப். கடவுச்சொல் ஒரு மின்னஞ்சலில். மின்னஞ்சல் இணையத்தில். இதைக் கண்டுபிடித்தது விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான். ஏழு கோப்பில் இரண்டு திறக்கவில்லை. இன்னொன்று, நான் அகற்றிவிட்ட ஒரு செயலி இருந்தால்தான் திறக்கும் வகை. எல்லாவற்றையும் சாதாரண பிடிஎஃப் ஆக்கினேன். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, காலைப் பசியாறலுக்குப் பிறகு, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு ஒரு சுற்று. கோடா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றியது. எனக்கு மாதம் ஒருமுறை.

கையில் வைத்தால் தொலைந்தும் போகுமே என்ற பயம் நியாயமானது. அடையாள அட்டைப் பிரதி இருக்கும் கைப்பேசியை யாராவது எடுத்துக்கொண்டால் தலைவலிதான். ஆகவே திரைப்பூட்டு இல்லாத கைப்பேசியில் இதைச் செய்யாதீர்கள். வங்கிக் கடவுச்சொல் போன்றவற்றை அந்தக் கோப்புறையில் போடவே வேண்டாம். ஆனால் பூட்டு என்பதும் ஒரு சாவிப் பிரச்சினை. மயங்கிக் கிடப்பவரின் கைப்பேசியை யார் திறப்பது? ஐபோனில் மெடிக்கல் ஐடி, ஆண்ட்ராய்டில் அவசரத் தகவல் என்று ஒரு பகுதி உண்டு. அதில் மருந்தையும் ஒவ்வாமையையும் தொடர்பு எண்ணையும் எழுதி, பூட்டிய திரையிலும் தெரிய அனுமதித்தால், கடவுக்குறி இல்லாமலே அதைப் பார்க்கலாம். அப்பாவின் கைப்பேசியில் முதலில் செய்தது இதைத்தான். அவர் அதில் வாட்ஸ்அப் தவிர எதையும் தொடுவதில்லை, அதனால் பத்திரமாக இருக்கிறது.

அலுவலகத்திலும் விதியை மாற்றினேன். முப்பதை அறுபதாக்கினேன். அதைவிட முக்கியமாக, ஒவ்வொருவரின் கணினியிலும் "கையில்" என்று ஒரு கோப்புறை உருவாகி, ஆட்ரிப் என்ற பழைய விண்டோஸ் கட்டளையின் பி குறியால் நிரந்தரமாக்கப்படும்படி செய்தேன். அதில் எதைப் போடுவது என்பது அவரவர் விருப்பம். இரண்டு ஜிபிக்கு மேல் போனால் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். சும்மா இருக்கும் கோப்புறை என்று நினைத்தேன்; விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள்தான் முதலில் நிரப்பினார்கள். அவர்களும் பெரும்பாலும் இக்கரைக்காரர்கள்.

போன மாதம் அப்பாவை வழக்கமான பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். பதிவு முகப்பில் தாதி கேட்டதும், நான் கைப்பேசியை எடுத்து, சிக்னல் இருக்கிறதா என்று கூடப் பார்க்காமல், பட்டியலைத் திறந்து காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"இதில் போன மாசத்து மாத்திரை அளவு இருக்கு. இப்ப மூணாக் குறைச்சுட்டாங்க."

பையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட உறையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தாதியிடம் நீட்டினார். நான் அங்கேயே நின்று, பக்கத்தைப் புதிதாகப் படம் எடுத்துக்கொண்டேன்.